மேடையும் மண்ணும்: மாதங்கி அருட்பிரகாசத்தின் இசை பற்றிச் சில சிந்தனைகள்

ஒரு கலைஞரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவர் ஏறிய மேடைகளையும் பெற்ற விருதுகளையும் நிரற்படுத்திவிட்டு அமைந்துவிடுகின்றனர். அம்மேடையை அமைத்தவர் யார், ஒலிபெருக்கி யாருடைய உடைமை, பாடலில் எப்பகுதி மக்களுக்குக் கேட்டது, எப்பகுதி வெட்டி எறியப்பட்டது என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை. சமுதாய வரலாற்றில் அக்கறை கொண்ட நமக்கோ இவ்வினாக்களே முதன்மையானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒரு பெண், 2009 பெப்ரவரி 8 ஆம் நாள் அமெரிக்காவின் கிராமி விருது விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். அச்சில நிமிடங்களை அவ்வினாக்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி ‘மாயா’ அருட்பிரகாசமே அப்பெண். அவரைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஆங்கிலத்தில் பாடப்படும் இரைச்சலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் ஒருசாரார். உலக மேடையில் நம் பிள்ளை ஏறிவிட்டாள் என்று பூரித்துப்போவதோடு நின்றுவிடுவோர் மற்றொரு சாரார். முன்னையோர் பாடலைக் கேட்க மறுக்கின்றனர். பின்னையோர் மேடையைக் கண்டதும் பாடலை மறந்துவிடுகின்றனர். மண்வாசனை பற்றி ஒரு காலத்தில் இவ்வளவு காரசாரமாக விவாதித்த நாம், மண்ணிலிருந்து பெயர்த்தெறியப்பட்டோரின் கலையில் மண் எவ்வாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் போதியவாறு ஆராயவில்லை என்றே கூறவேண்டும்.

மாதங்கி 1975 ஜூலை 18 இல் இலண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கையிலேயே குடும்பம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. சோவியத் நாட்டில் பொறியியல் பயின்ற தந்தை, 1975 இல் இலண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பின் (ஈரோஸ்) தாபகர்களுள் ஒருவர். ‘அருளர்’ என்பது அவருடைய இயக்கப் பெயர். மலையகத் தோட்டத் தொழிலாளரையும் விடுதலையின் பங்காளிகளாகக் கொள்ளவேண்டும் என்று வற்புறுத்தியதும், பலஸ்தீன இயக்கத்தோடு உறவு கொண்டிருந்ததும் அவ்வமைப்பின் சிறப்பியல்புகள். அது விடுதலைப் புலிகளினின்றும் வேறுபட்டதோர் அமைப்பு என்பதை நாம் அறிவோம். மேலைநாட்டுப் பத்திரிகைகள் பல இவ்வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

இயக்கத்தவரின் வீட்டில் தந்தை இருப்பதைக் காட்டிலும் இல்லாதிருப்பதே வழக்கம். பாதுகாப்பின் பொருட்டுத் தந்தையை ‘மாமா’ என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. குடும்பத்தைச் சுமந்தவர் தாய் கலா. யாழ்ப்பாணத்திலும், இடையிற் சில காலம் சென்னையிலும், பின்னர் மீண்டும் யாழ்ப்பாணத்திலுமாக அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் தென்னிலங்கைத் தமிழர் வேட்டையாடப்பட்டனர். அதன் பின்னர் குடாநாட்டில் ஷெல்லடியும் சுற்றிவளைப்பும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. 1986 அளவில் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் சென்று, மிச்சம் பகுதியிலுள்ள அரசாங்கக் குடியிருப்பொன்றில் வாழத் தலைப்பட்டனர். தாய் தையல் வேலை செய்தார். அரச குடும்பத்தினர் வழங்கும் பதக்கங்களுக்கான நாடாக்களைக் கையால் தைத்துக் கொடுப்பதும் அவர் செய்த வேலைகளுள் ஒன்று. ஏகாதிபத்தியத்தின் மார்பில் மின்னும் பதக்கத்திற்குப் பின்னே யாழ்ப்பாணத்து அகதித் தாய் ஒருத்தியின் ஊசி இருந்தது.

அவர்கள் விட்டுச் சென்ற குடாநாட்டிற்கு நேர்ந்ததையும் இங்கே நினைவுகொள்ளல் தகும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பற்றரியும் அரும்பொருள்களாயின. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றிய அக்காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தால் மக்கள் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர். ஒருவர் சுழற்ற மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பர். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். இசை கேட்பதற்கே உடலுழைப்பைக் கொடுத்த ஒரு சமுதாயத்தின் பிள்ளை எவ்வகை இசையைப் படைப்பாள் என்பதை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

இலண்டன் சென்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் பயின்ற மாதங்கி, முதலில் ஓவியராகவே அறியப்பட்டார். 2001 அளவில் இலங்கைக்கு வந்து தம் உறவினரின் வாழ்வைப் படம்பிடித்தார். அப்படச்சுருள்களிற் சில 2018 இல் அவரைப் பற்றி வெளியான ஆவணப்படத்தில் இடம்பெற்றுள்ளன. எம்.ஐ.ஏ. என்னும் புனைபெயரும் அக்காலத்ததே. இராணுவ ஏடுகளில் ‘போரிற் காணாமற்போனவர்’ என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துகள் அவை. காணாமற்போன உறவினர் ஒருவரின் நினைவும், தாம் வாழ்ந்த அக்டன் என்னும் இலண்டன் பகுதியின் பெயரும் அதில் இணைந்துள்ளன.

2005 இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு அவர் இட்ட பெயர் ‘அருளர்’. சிறியதோர் மின்னணு இசைப்பெட்டியைத் துணைகொண்டு உருவாக்கப்பட்ட பாடல்கள் அவை. அட்டையிலும் மேடையிலும் புலி, துப்பாக்கி, குண்டு ஆகியவற்றின் உருவங்கள் பளிச்சிடும் வண்ணங்களில் இடம்பெற்றன. பயங்கரவாதி என்று முத்திரை குத்தப்பட்ட மக்களின் முகத்தை மேலைநாட்டு இளைஞர் முன்னே நிறுத்தியமை துணிவான செயலே. ஆயினும் போரின் சின்னம் வேறு, போரின் உண்மை வேறு. சகோதர இயக்கங்களை அழித்தொழித்தமை, 1990 இல் வடபுலத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியமை, சிறுவரைப் படையிற் சேர்த்தமை ஆகிய கசப்பான உண்மைகளுக்கு அச்சுவரொட்டி வண்ணங்களில் இடமிருக்கவில்லை. தூரதேசத்தில் வளர்ந்த பிள்ளை தந்தையின் கொடியை மட்டுமே கண்டது. கொடியின் கீழ் நடந்தவற்றை முழுமையாகக் காணவில்லை. இவ்விமர்சனத்தை முன்வைக்காமல் அவருடைய கலையைப் பாராட்டுவது நேர்மையாகாது.

இந்நிலையிலிருந்து அவரை நகர்த்தியது ஒரு நாட்டின் குடிவரவுத் திணைக்களமே. 2006 இல் அமெரிக்காவிற் புகழ்பெற்ற இசையமைப்பாளர்களுடன் இரண்டாவது இசைத்தட்டை உருவாக்க எண்ணியிருந்த அவருக்கு, அந்நாட்டின் நுழைவு அனுமதி கிடைக்காது போயிற்று. செல்வந்த நாட்டின் கதவு அடைபட்டபோது அவர் ஏழை நாடுகளை நோக்கித் திரும்பினார். சென்னை, திரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து அங்கங்கே கேட்ட ஒலிகளைச் சேகரித்தார். 2007 இல் வெளிவந்த அவ்விசைத்தட்டின் பெயர் ‘கலா’. தந்தையின் இயக்கப் பெயரிலிருந்து தாயின் பெயருக்கு அவர் வந்துசேர்ந்தார். அரசியலைத் தாம் கைவிடவில்லை என்றும், அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் தாயின் பக்கமிருந்து அதனை நோக்கியதாகவும் அவரே பல நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். கொடியிலிருந்து உழைப்பிற்கு வந்த இம்மாற்றத்தையே அவர்தம் கலைவாழ்வின் திருப்புமுனையாக நாம் கொள்கிறோம்.

சென்னையில் உறுமி மேளக் கலைஞர்களை ஒன்றுகூட்டி அவர் ஒலிப்பதிவு செய்தமை குறிப்பிடத்தக்கது. ‘தளபதி’ திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த பாடலொன்றின் துணுக்கும் அவ்விசைத்தட்டின் முதற்பாடலிலே ஒலிக்கிறது. தமிழகத்தில் உறுமியும் யாழ்ப்பாணத்திற் பறையும் நீண்டகாலமாக ஒடுக்கப்பட்டோரின் தோளில் ஏற்றப்பட்ட கருவிகள். சாவீட்டில் அவை வேண்டும்; சங்கீத சபையில் அவை வேண்டா. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்தில் எழுந்த ஊர்வலத்தையும் 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் நடந்த போராட்டத்தையும் அறிந்த நமக்கு, மேளம் அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் ஒரு போராட்டமாயிருந்தது என்பது தெரியும். அவ்வகை மேளம் கோயில் வீதியையும் சபாவையும் தாண்டி நேரே உலக இளைஞரின் காதுகளைச் சென்றடைந்தது. அதே வேளை, மேளத்தின் ஒலியை விற்று வரும் வருவாயில் மேளக்காரனின் பங்கு என்ன என்னும் வினாவையும் நாம் மறந்துவிடலாகாது. கிராமத்துக் கலையை நகரத்துக் கம்பனி கைக்கொள்ளும் எவ்விடத்தும் எழவேண்டிய வினா அது.

அவ்விசைத்தட்டில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்றொரு பாடல் உண்டு. இங்கிலாந்தின் தொழிலாளர் வாழ்வையும் இனவாத எதிர்ப்பையும் பாடிய ‘த கிளாஷ்’ என்னும் ராக் இசைக்குழு 1982 இல் வெளியிட்ட பாடலொன்றின் கிற்றார் ஒலியே அதன் அடித்தளம். அப்பழைய பாடல் குடியேறியோரையும், வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெற்றுக் கைவிட்ட பிள்ளைகளையும் பற்றியது. அதன்மேல் மாதங்கி, குடிவந்தோரைத் திருடராகவும் குண்டு வைப்போராகவும் காணும் உலகைப் பரிகசித்துப் பாடினார். பல்லவியிற் சொற்கள் வரவேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. வெடியும் காசும் ஒன்றையடுத்து ஒன்றாக ஒலிக்கும்போது, ஆயுத வணிகத்தின் முழு இலக்கணமும் கேட்போருக்கு விளங்கிவிடுகிறது.

தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் அது விளங்கியிருத்தல் வேண்டும். 2007 இல் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் அவர் இப்பாடலைப் பாடியபோது, துப்பாக்கி ஓசை மாற்றப்பட்டது. எம்.டி.வி.யும் காணொளியிலிருந்து அவ்வோசையை நீக்கியது. துப்பாக்கியைச் செய்து உலகெங்கும் விற்கும் நாட்டில், துப்பாக்கியின் ஓசை மட்டும் நாகரிகமற்றதாயிற்று! கவிதையில் ஒரு சீரை நீக்கினால் தளை தட்டுவதைப்போல, அவ்வோசையை நீக்கியதும் பாடலின் பொருளே தட்டிப்போனது.

2008 இல் நிலைமை மாறியது. ஹொலிவூட் நகைச்சுவைப் படமொன்றின் விளம்பரத்தில் அப்பாடல் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் அது ஒலித்தது, அப்படத்திற்காக ஏ.ஆர். ரஹ்மானுடன் இணைந்து அவர் பாடிய வேறொரு பாடல் ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலிலிருந்து அவர் குரலின் ஓர் அடியைப் பெயர்த்தெடுத்து, அதன்மேல் ஜே-சீ, ரி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் ஆகிய கறுப்பின அமெரிக்கக் கலைஞர் நால்வர் தம் பாடலைக் கட்டினர். அந்நால்வரோடு நின்று அந்த ஓரடியைப் பாடவே 2009 பெப்ரவரி 8 ஆம் நாள் லொஸ் ஏஞ்செலிஸ் நகரின் ஸ்ரேப்பிள்ஸ் அரங்கில் அவர் மேடையேறினார். மகப்பேற்றுக்கு மருத்துவர் குறித்த நாளும் அதுவே. ஒளிபரப்பியதும் அதே சீ.பி.எஸ். நிறுவனம். கறுப்புடை அணிந்த நான்கு ஆண்களின் நடுவே நிறைவயிற்றோடு அவர் ஆடிப்பாடிய அக்காட்சியைப் பழைய திரைப்படம்போலக் கறுப்பு வெள்ளையிற் காட்டினர். அமெரிக்காவில் அவ்விழாவைப் பார்த்தோர் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பேர்.

லொஸ் ஏஞ்செலிஸில் ஞாயிறு மாலை. வன்னியில் அப்பொழுது திங்கள் விடிந்துகொண்டிருந்தது. ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்த பின் இலட்சக்கணக்கான மக்கள் முல்லைத்தீவுக் கரையை நோக்கி நெருக்கித் தள்ளப்பட்டிருந்தனர். ஜனவரி 21 இல் அரசாங்கம் அறிவித்த ‘பாதுகாப்பு வலயம்’ ஷெல்லடிக்கு இலக்காயிற்று. பெப்ரவரி முதல் வாரத்திற் புதுக்குடியிருப்பு மருத்துவமனை பன்முறை தாக்கப்பட்டது. நோயாளர் புதுமாத்தளனுக்கு அகற்றப்பட்டனர். பெப்ரவரி 10 இல் செஞ்சிலுவைச் சங்கம் காயமுற்றோரைக் கடல்வழியாக வெளியேற்றத் தொடங்கியது. அங்கும் நிறைமாதக் கர்ப்பிணிகள் இருந்தனர். பதுங்குகுழிகளிலும் தறப்பாள் கூடாரங்களிலும் பிள்ளைகள் பிறந்தன. அவர்களைப் படம்பிடிக்கச் சுயாதீனமான கமெரா எதுவும் அனுமதிக்கப்படவில்லை. அங்கே கேட்ட துப்பாக்கி ஓசையை மாற்றியமைக்க எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் இருக்கவில்லை.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைப்பது அப்பாடகியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. அவர் மௌனமாக இருக்கவில்லை. அதே ஜனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் டேவிஸ் ஸ்மைலியுடனான நேர்காணலில் வன்னி மக்களின் நிலையை எடுத்துரைத்தார். புலிகளின் பிரசாரகர் என்ற பழியையும் ஏற்றார். ஆனால் கிராமி விழா முடிந்ததும் பத்திரிகைகள் அவருடைய உடையைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் எழுதிக் குவித்தன; அவர் எந்த மக்களுக்காகப் பேசினாரோ அம்மக்களைப் பற்றி மிகச் சிலவே எழுதின. தொலைக்காட்சி அவருடைய உடலைக் கோடிக்கணக்கானோருக்கு எடுத்துச் சென்றது. அவருடைய சொல்லை அரங்கிற்கு வெளியே நிறுத்திவிட்டது.

1971 ஓகஸ்ட் முதலாம் நாள் நியூயோர்க்கில் ரவிசங்கரின் வேண்டுகோளுக்கிணங்க ஜோர்ஜ் ஹரிசன் வங்காளதேச மக்களுக்காக நடத்திய இசைநிகழ்ச்சியை இங்கு ஒப்புநோக்கலாம். அதில் மேடையின் நோக்கமே அகதிகள்தாம். 1985 ஜூலை 13 இல் எத்தியோப்பியப் பஞ்சத்திற்காக நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியும் அத்தகையதே. அவற்றில் வள்ளன்மையின் மிடுக்கு இருந்தது என்பது உண்மை. எனினும் எம்மக்களுக்காகப் பாடுகிறோம் என்பதைக் கேட்போர் அறிந்திருந்தனர். வன்னி மக்களுக்கு அத்தகைய மேடை அமையவில்லை. ஒரு பக்கம் ‘பயங்கரவாதத்திற்கு எதிரான போர்’ என்னும் மந்திரத்தால் உலகின் வாய் கட்டப்பட்டிருந்தது. மறுபக்கம் மக்களை வெளியேறவிடாது தடுத்து வைத்திருந்த புலிகளின் கொடுமை, அம்மக்களுக்காகக் குரல் கொடுக்க முன்வந்தோரையும் தயங்கச் செய்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011 இல் இருதரப்பினர் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டென்று கூறியதோடு, இறுதிக்கட்டப் போரில் 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என்றும் குறிப்பிட்டது.

மேடை யாருடையது என்பது மூன்றாண்டுகளின் பின் மேலும் தெளிவாயிற்று. 2012 பெப்ரவரி 5 இல் அமெரிக்கக் காற்பந்தாட்டப் பெருவிழாவில் மடோனாவுடன் பாடிய மாதங்கி, கமெராவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். கணநேரச் செயல் அது. அதற்காக அந்த விளையாட்டு நிறுவனம் அவரிடம் மொத்தம் 1 கோடியே 66 இலட்சம் டொலர் நட்டஈடு கோரியது; 2014 இல் வழக்கு இணக்கமாகத் தீர்ந்தது. அவ்வொரு விரலின் விலையை நுணுக்கமாகக் கணக்கிட்ட அதே உலகம், வன்னியில் மாண்டவரை எண்ணிப் பார்க்கவும் நேரமின்றி இருந்தது.

கலைஞரைத் தெய்வமாக்குவது நம் மரபன்று. 2020 இல் தடுப்பூசி பற்றி மாதங்கி தெரிவித்த கருத்துகளை அறிவியல் நோக்குடைய எவரும் ஏற்கவியலாது. 2019 இல் பிரித்தானிய அரச விருதை அவர் ஏற்றுக்கொண்டதையும் சிலர் குறைகூறினர். அப்பதக்க நாடாக்களைத் தைத்த தாயின் உழைப்பிற்கு மதிப்பளித்தே அதனைப் பெற்றதாக அவர் கூறினார். அவ்விளக்கம் போதுமா என்பது விவாதத்திற்குரியது. ஆயினும் அதிலும் ‘கலா’ என்ற பெயரே ஒலிக்கக் காண்கிறோம்.

இனி, மாதங்கி தமக்குச் சூட்டிக்கொண்ட அந்த மூன்றெழுத்துகளை இன்றைய வடபுலத்தில் வைத்துப் பார்ப்போம். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். கையில் ஒரு புகைப்படத்தோடு தெருவோரக் கொட்டகையில் அமர்ந்திருந்த அவர்களுட் பலர், பிள்ளை எங்கே என்ற விடை கிடையாமலே இறந்துவிட்டனர். ‘போரிற் காணாமற்போனவர்’ என்பது உலக மேடையில் ஒரு கலைஞரின் பெயர். இங்கே அது ஒரு தாயின் அன்றாட வாழ்வு. அருளரிலிருந்து கலாவுக்கு வந்த அவ்விசையின் பயணம் முழுமை பெறவேண்டிய இடமும் இத்தாய்மாரின் கொட்டகையே.

எனவே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யவேண்டியது யாது? உலக மேடையிலிருந்து நம் பெயர் ஒலிக்குமா என்று காத்திருத்தல் பயன்தராது. அம்மேடை எதை எடுத்துச் செல்லும், எதைக் கழித்துவிடும் என்பதை மேலே கண்டோம். டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. பறையடித்தவரும் அடிக்க மறுத்தவரும் வாழ்கின்றனர். பதுங்குகுழியிற் பிள்ளை பெற்ற தாய்மாரும், அங்கே பிறந்து இன்று வளர்ந்து நிற்கும் பிள்ளைகளும் வாழ்கின்றனர். இவர்களின் பாடல்களையும் சொற்களையும் ஊர்தோறும் சென்று பதிவுசெய்து, பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பொதுவுடைமையாக வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்கும் பொறுமையே தேவை. நூலகம் எரிந்த மண்ணில் அப்பணியை நாமே தொடங்குதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் கேட்கப்படாமலே அவிந்துபோகும் குரல்கள் பல.